மறுமொழி: கிளைடர் சொற்பட்டியல் – ‘வேக இழப்பு’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பறப்புச் சொற்களுக்குத் தமிழில் நாம் தொகுக்கும் பட்டியலில், வின்ச் ஏற்றம் (தரையில் உள்ள இயந்திரம் நீண்ட கேபிளைச் சுருட்டி கிளைடரை மேலே இழுப்பது) பற்றிய பகுதியைப் பார்த்தேன். வின்ச்சை வின்ச் என்றே விட்டது நல்லது, கேபிளுக்கு ‘வடம்’ கச்சிதம். ஆனால் ஒரு சொல்லை மாற்றியே ஆக வேண்டும்.

> ஸ்டால் – வேக இழப்பு

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால், பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டி, இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று பிரிந்துபோகிறது. தூக்குவிசை சட்டென்று சரிகிறது. ஸ்டால் என்பது இதுதான். சாதாரணப் பறப்பில் வேகம் குறையும்போது இது நேர்வதால் வேகத்தோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். வின்ச் ஏற்றத்தில் அந்தப் பழக்கம் உதவாது.

வடம் இழுக்கத் தொடங்கிய சில நொடிகளில் கிளைடர் தரையை விட்டுவிடும். விமானி மூக்கைப் படிப்படியாக உயர்த்தி, போதிய வேகம் வந்த பிறகே செங்குத்தான ஏற்றத்துக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு உயர்த்தினால் இறக்கை மூன்று சுமைகளைத் தாங்க வேண்டியிருக்கிறது: கிளைடரின் எடை, வடம் கீழ்நோக்கி இழுக்கும் இழுப்பு, பாதையை மேல்நோக்கி வளைக்கும் விசை. சுமை இரண்டு மடங்கானால் ஸ்டால் வேகம் சுமார் 1.4 மடங்காகும். வழக்கமாக மணிக்கு 65 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் கிளைடர் அப்போது 92-லேயே ஸ்டால் ஆகும். வேகமானியின் முள் 85, 88 என்று ஏறிக்கொண்டிருக்கும்போதே ஓர் இறக்கை முதலில் கைவிட்டு, கிளைடர் தலைகீழாகப் புரண்டுவிடலாம். அந்த உயரத்தில் மீட்க இடமில்லை. இதை அறிக்கையில் ‘வேக இழப்பால் விபத்து’ என்று எழுதினால் படிப்பவர் வின்ச் ஓட்டுநர் சரியாக இழுக்கவில்லை என்றுதான் நினைப்பார். பழி தவறான ஆளின் மேல் விழும்.

மறுபக்கமும் உண்டு. ஏற்றத்தின் நடுவில் வடம் அறுந்தால் மூக்கு வானத்தைப் பார்த்திருக்க, வேகம் மளமளவென்று குறைகிறது. விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்துகிறார். தள்ளும் அந்தக் கணத்தில் இறக்கைமேல் சுமை மிகக் குறைவு, அதனால் வேகம் நன்றாகக் குறைந்திருந்தும் ஸ்டால் இல்லை. மூக்கு கீழே வந்ததுமே ‘சரி, தப்பித்தோம்’ என்று தோன்றும். வேகம் இன்னும் திரும்பியிருக்காது. அப்போது திருப்பினாலோ ஏர்பிரேக்கை (தூக்குவிசையைக் குறைக்கும் இறக்கைத் தகடு) திறந்தாலோதான் ஆபத்து. தரையிறங்கும் வேகத்தை முள் காட்டும்வரை காத்திருக்கச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

ஆக, வேகம் ஏறும்போதே ஸ்டால் வருகிறது. வேகம் போயும் வராமல் இருக்கிறது. ‘வேக இழப்பு’ இரண்டு இடத்திலும் பொய் சொல்கிறது.

என் பரிந்துரை: தூக்கிழப்பு. தூக்குவிசை ஏற்கெனவே நம் பட்டியலில் இருக்கிறது. வினையாகவும் நன்றாக ஓடும்: ‘இடது இறக்கை தூக்கிழந்தது’, ‘தூக்கிழப்புக் கோணம்’, ‘தூக்கிழக்கும் வேகம்’. செய்திகளில் ஸ்டாலுக்கு வரும் ‘நிறுத்தம்’ எஞ்சின் நின்றுபோவதைத்தான் நினைவூட்டும். கிளைடரில் எஞ்சினே இல்லை.

அப்புறம், பட்டியலில் ‘வீக் லிங்க்’ என்பதற்கு உள்ள ‘பலவீன இணைப்பு’. வடத்துக்கும் கிளைடருக்கும் நடுவில் மாட்டும் அந்த உலோகத் துண்டு குறைபாடுள்ள பொருள் அல்ல. இழுப்பு எல்லை மீறினால் தான் அறுந்து கிளைடரின் உடற்கட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றே அளந்து செய்தது. கறுப்பு 1000 டெக்காநியூட்டன் (சுமார் ஒரு டன் எடைக்கு நிகரான இழுப்பு), வெள்ளை 500 என்று வலிமைக்கேற்ப நிறமும் உண்டு. ஏவுகணை, எரிபொருள் போல வினைத்தொகையாக அறுகண்ணி என்று வைக்கலாம். ‘அறுகண்ணி அறுந்தது’ என்றால் அது தன் வேலையைச் செய்தது என்று அர்த்தம்.

சொற்களைப் பிரிப்பதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்கலாம். பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் 2005-இல் தொடங்கிய பாதுகாப்பான வின்ச் ஏற்றத் திட்டம், ஏற்றத்தின் எந்தக் கட்டத்தில் என்ன விபத்து நேர்கிறது என்று பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி அறிவுரை தந்தது. கடும் விபத்துகள் அதன்பின் வெகுவாகக் குறைந்தன. எல்லாவற்றையும் ‘வடம் அறுந்த விபத்து’ என்று ஒரே பெயரில் எழுதினால் அந்தப் பாடம் தமிழில் வந்து சேராது.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. தரையோட்டத்திலேயே ஓர் இறக்கை தாழ்ந்து, நுனி புல்லில் சிக்கி, வடம் விடாமல் இழுக்க, கிளைடர் அந்த நுனியைச் சுற்றிப் புரளும் விபத்து. பட்டியலில் உள்ள ‘குட்டிக்கரணம்’ முன்பக்கமாக உருள்வது, இதற்குப் பொருந்தாது. ‘நுனிப்புரள்வு’ என்று யோசித்திருக்கிறேன். இறக்கைகளைச் சமமாகப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததுமே, நுனி தரையைத் தொடும் முன், வடத்தைக் கழற்றிவிடும் மஞ்சள் விடுப்புப் பிடியை இழுத்துவிட வேண்டும். பெயரிலேயே நுனி இருந்தால் கவனம் அங்கே போகும் என்பது என் எண்ணம். இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், பட்டியலை அதன்பின் இறுதி செய்வோம்.