100 கிலோ ஸ்குவாட்டில் குதிகால் எழும்புகிறது, மறுநாள் இடுப்பு பிடிக்கிறது. பெல்ட் வாங்கினால் சரியாகுமா?

கேள்வி (காரைக்குடி):
வணக்கம். வயது 27, உடம்பு எடை 74 கிலோ, ஒன்றரை வருடமாக ஸ்குவாட் (எடை மாட்டிய கம்பியான பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) செய்கிறேன். 90 கிலோ வரை ஐந்து தடவை சுத்தமாக வருகிறது. 100 ஏற்றினால் கீழே உட்காரும்போது குதிகால் லேசாக எழும்பி, ஏறும்போது இடுப்பு முந்திக்கொண்டு நெஞ்சு கவிழ்ந்துவிடுகிறது, மறுநாள் காலை இடுப்பின் இரண்டு பக்கமும் பிடிப்பு. போடுவது ஓட்டத்துக்கு வாங்கிய ஷூ. கழுத்தில் உறுத்துவதால் பாரில் ஸ்பாஞ்ச் சுற்றியிருக்கிறேன். ஜிம்மில் எல்லாரும் பெல்ட் போடு என்கிறார்கள். பெல்ட், முட்டி ஸ்லீவ் (முட்டியில் மாட்டும் இறுக்கமான உறை), ஷூ மூன்றும் வாங்கக் காசில்லை, எது முதலில்? பாதி நாள் வீட்டில்தான், ஐயா காலத்து வீட்டின் இரண்டாங்கட்டில், ஆத்தங்குடிக் கல் தரை. இரண்டு ஸ்டாண்ட் மட்டும் இருக்கிறது, துணைக்கு ஆள் கிடையாது.

பதில் (தேவகோட்டை):
தம்பி, உன் கடைசி வரிதான் எனக்குக் கவலை. தனியாக, தாங்குகம்பி (பார் தவறினால் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் இருக்கும் கம்பி) இல்லாமல் 100 கிலோ தூக்காதே. ஏற முடியாமல் நின்றுவிட்டால் பார் எங்கே போகும்? கனமான செட்டை ஜிம்மில், தாங்குகம்பி உள்ள ரேக்குக்குள் மட்டும் வை. முழுதாக உட்கார்ந்தால் பாருக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே கம்பி நிற்க வேண்டும். வெறும் பாரோடு உட்கார்ந்து பார்த்து உயரத்தை வைத்துக்கொள்.

தரையையும் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை, கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஒரு பிளேட் நழுவி விழுந்தாலே விரிசல் விடும், அதே நிறத்தில் மாற்றுக் கல் கிடைப்பது பெரும்பாடு. வழவழப்பு வேறு, கால் வழுக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை அடுக்கி, மேலே மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் மேட் போடு. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பதில் (பிசியோதெரபி படித்தவள், காரைக்குடி):
இடுப்பு வலி கால் வரை இறங்குகிறதா, மரத்துப் போகிறதா? அப்படி இருந்தால் தூக்குவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வெறும் பிடிப்புதான் என்றால் முதலில் கணுக்காலைச் சோதியுங்கள். வெறுங்காலோடு, கட்டைவிரல் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்க, குதிகாலை எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். அப்புறம் வெறும் பாரோடு, குதிகாலுக்கு அடியில் 2.5 கிலோ பிளேட் வைத்து உட்காருங்கள். சட்டென்று நெஞ்சு நிமிர்ந்து ஆழமும் வந்தால் தடை கணுக்காலில் இருக்கிறது, அதைப் பெல்ட் தீர்க்காது.

முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். முட்டியைப் பின்னால் பிடித்து வைத்தால் அந்தச் சுமையெல்லாம் இடுப்புக்குப் போகிறது. கால்விரல் பார்க்கும் திசையில் முட்டி போகட்டும், உள்ளே மடங்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேட்டவர்:
அக்கா, வலி கால் வரைக்கும் இறங்கவில்லை. சுவர்ச் சோதனையில் வலது கால் தொடுகிறது, இடது 6 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டது. பிளேட் வைத்ததும் உட்காருவது அப்படியே மாறிவிட்டது. அப்போ ஷூவா?

பதில் (தேவகோட்டை):
ஷூதான். ஓட்டத்து ஷூவின் அடி மெத்து மெத்தென்று இருக்கும், கனம் ஏற ஏற அமுங்கி ஆளை ஆட்டும். பளுதூக்கும் ஷூவில் குதி 2 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்து, கெட்டியாக, அமுங்காமல் இருக்கும். கணுக்கால் வளையாதவனுக்கு அதுதான் தோது. ஷூ வாங்கினாலும் இடது கணுக்காலுக்கு அந்தச் சுவர்ப் பயிற்சியைத் தினமும் செய்.

ஸ்பாஞ்சை இன்றே கழற்று. அது பாரைக் கழுத்துப் பக்கம் உயர்த்தி உருளவிடுகிறது. தோள்பட்டையை நெருக்கிப் பிடித்தால் மேல்முதுகில் சதை திரளும், பார் அதில் உட்கார்ந்தால் உறுத்தாது.

பெல்ட் அடுத்த தீபாவளிக்குக்கூட வாங்கலாம். அது இடுப்பைப் பிடித்து நிறுத்தும் என்று நினைக்கிறார்கள், வேலை செய்வது உன் மூச்சு. வயிறு நாலு பக்கமும் விரிய மூச்சை இழுத்து இறுக்கி, அந்த வயிறு பெல்ட்டை முட்டித் தள்ள வேண்டும். பெல்ட் இல்லாமல் இது வராதவனுக்குப் பெல்ட் போட்டும் வராது. வாங்கும் நாளில் சுற்றிலும் ஒரே அகலம், 10 சென்டிமீட்டர், 10 மில்லிமீட்டர் தடிமன் என்று பார்த்து வாங்கு. பின்னால் மட்டும் அகலமானது வேண்டாம், வயிறு தள்ளுவதற்கு முன்பக்கம் ஒன்றும் இருக்காது. முட்டி ஸ்லீவ் சூடு தரும், இதமாக இருக்கும், தப்பைத் திருத்தாது.

80 கிலோவுக்கு இறங்கி, பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் போனை வைத்து வீடியோ எடு. பார் பாதத்தின் நடுவுக்கு நேராக ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்.

கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து):
ஷூ வாங்கினேன், ஸ்பாஞ்ச் போய்விட்டது. 80இல் தொடங்கி வாரம் 5 கிலோ ஏற்றினேன். நேற்று ஜிம் ரேக்கில் 100 கிலோ, நான்கு தடவை, குதிகால் தரையிலேயே இருந்தது. ஐந்தாவதில் நெஞ்சு கவிழப் பார்த்தது, பாரைத் தாங்குகம்பியில் வைத்துவிட்டேன். இன்று காலை பிடிப்பு இல்லை. இடது கணுக்கால் இப்போது 8 சென்டிமீட்டர்.