ஜிம்மியின் பல்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

அத்தை: யாராவது இருக்கிறீர்களா? ஜிம்மி மடியில் ஏறி உட்கார்ந்தால் வாய் நாற்றம் தாங்க முடியவில்லை. கொட்டாவி விட்டபோது பார்த்தேன், பின்பக்கப் பல்லில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. துணியால் தேய்த்தேன், அசையவில்லை.

சித்தப்பா: நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும் அக்கா. பெரிய எலும்பாக ஒன்று போடுங்கள். கடித்துக் கடித்துத் தானாகச் சுத்தமாகிவிடும்.

அம்மா: நாம் தேய்க்கிற பேஸ்ட்டையே கொஞ்சம் விரலில் தொட்டுத் தேய்த்துவிட்டால் என்ன?

நான்: அண்ணா, சீக்கிரம் வா. இங்கே உனக்குத்தான் வேலை.

அண்ணன்: இப்போதுதான் கிளினிக்கிலிருந்து கிளம்புகிறேன். அம்மா, மனிதர்களின் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். சித்தப்பா, எலும்பும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் வீட்டுக்குப் போய் எழுதுகிறேன். அத்தை, நீங்கள் ஒரு படம் அனுப்புங்கள். வாயைத் திறக்க வேண்டியதில்லை. கன்னத்துப் பக்கம் மேலுதட்டை மட்டும் மெல்லத் தூக்கினால் பின்னால் உள்ள பெரிய பல் தெரியும்.

அத்தை: (படம்)

அத்தை: (படம்) இது தெளிவாக இருக்கிறது பார்.

அண்ணன்: பார்த்தேன் அத்தை. அது பற்காரை. பல்லின் மேல் முதலில் வழவழப்பாக ஒரு படலம் படியும், முழுக்கக் கிருமிகள். ஒரு நாளுக்குள் அது உருவாகிவிடும். அந்த நிலையில் பிரஷ் பட்டாலே போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் உப்புகள் அதில் இறங்கி, இரண்டு மூன்று நாளிலேயே கெட்டிப்படத் தொடங்கும். கெட்டியானபின் துணியோ பிரஷ்ஷோ ஒன்றும் செய்யாது. மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கத்தில்தான் இது முதலில் தடிக்கும், ஏனென்றால் உமிழ்நீர்க் குழாய் ஒன்று அந்தப் பல்லுக்கு நேராகத்தான் திறக்கிறது.

அண்ணன்: இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல்லும் ஈறும் சேருமிடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிகிறதா? எனக்குக் கவலை அதுதான். ஈறு வீங்கத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் கவனித்தால் ஈறு பழையபடி திரும்பிவிடும். உள்ளே எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் போனது போனதுதான்.

அத்தை: ஐயோ. அவன் நன்றாகத்தானே சாப்பிடுகிறான் கண்ணா.

அண்ணன்: பல் வலித்தாலும் நாய்கள் சாப்பிடும் அத்தை. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு பக்கமாகவே மெல்வது, வாயிலிருந்து சாப்பாடு கீழே விழுவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, பொம்மையில் ரத்தக்கறை, இப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். கண்ணுக்குக் கீழே வீக்கம் வந்தால் காத்திருக்கவே கூடாது. மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்தால் அங்கேதான் வீங்கும்.

அத்தை: இப்போது நினைத்துப் பார்த்தால், இடது பக்கமாகத்தான் மெல்கிறான்.

சித்தப்பா: காட்டில் இருக்கிற நாய்க்கெல்லாம் யார் பல் தேய்க்கிறார்கள்?

அண்ணன்: நல்ல கேள்வி சித்தப்பா. காட்டு நாய்களின் மண்டையோடுகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். உடைந்த பல்லும் ஈறு நோயும் அவற்றிலும் இருக்கின்றன. எலும்பு கடித்தால் மேலே உள்ள காரை கொஞ்சம் உதிர்வது உண்மைதான். ஆனால் நாயின் பல் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மேல் கடைவாய்ப் பல்லும் கீழ்ப் பல்லும் கத்தரிக்கோல் போல உரசிப் போகும். நடுவில் கெட்டியான எலும்போ மான் கொம்போ குளம்போ மாட்டிக்கொண்டால், அந்தப் பெரிய பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்துவிடும். உள்ளே நரம்பு திறந்துவிட்டால் வேர் சிகிச்சை, இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டும். மேலே இருக்கும் அந்தப் பல்லுக்கு மூன்று வேர், சுலபத்தில் வராது. அந்த வேலையை அடிக்கடி செய்கிறவன் என்பதால்தான் எலும்பு என்றாலே இவ்வளவு பேசுகிறேன்.

சித்தப்பா: சரிப்பா, புரிகிறது. கடிக்க எதுவுமே கொடுக்கக் கூடாதா?

அண்ணன்: கொடுக்கலாம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும், பதியாவிட்டால் பல்லுக்கு ஆகாது. கடையில் பல்லுக்கென்று விற்கும் மெல்லும் குச்சிகளில் வெட்டர்னரி ஓரல் ஹெல்த் கவுன்சிலின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1997 முதல் அவர்கள் சோதனை முடிவுகளைப் பார்த்து முத்திரை தருகிறார்கள். ஆனால் குச்சி துணைக்குத்தான். பிரஷ்ஷுக்கு ஈடாக வேறு எதுவும் கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மா: பேஸ்ட் விஷயத்தைச் சொல்லவே இல்லையே.

அண்ணன்: வருகிறேன் அம்மா. நாம் துப்புகிறோம், நாய் விழுங்கும். நம் பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடும் நுரை வரும் பொருளும் தினமும் வயிற்றுக்குப் போகக் கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து சைலிடால் என்கிற இனிப்பு. சில பேஸ்ட்டிலும் சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் அது இருக்கும். நாயின் உடலில் அது இன்சுலினைச் சடாரென்று ஏற்றிவிடும். ரத்தச் சர்க்கரை இறங்கி, அரை மணி நேரத்திலேயே தள்ளாடத் தொடங்கலாம். கல்லீரலும் கெடலாம். உப்பு, சமையல் சோடா எதுவும் வேண்டாம். நாய்க்கென்றே பேஸ்ட் இருக்கிறது, இறைச்சிச் சுவையில். அது கிடைக்கும்வரை வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷே போதும். படலத்தை எடுப்பது பிரஷ்ஷின் உரசல்தான்.

தங்கை: அண்ணா, என் குட்டிக்கு நாலரை மாதம். இப்போதே தொடங்கலாமா? நேற்று சோபாவில் ஒரு குட்டிப் பல் கிடந்தது.

அண்ணன்: சரியான வயது. 28 பால் பற்களும் விழுந்து 42 நிலைப் பற்கள் வரும், ஆறேழு மாத வயதுக்குள் முடிந்துவிடும். ஈறு வலிக்கும் காலம் இது. அதனால் பிரஷ் வேண்டாம், விரலால் உதட்டைத் தூக்கித் தொட்டுப் பழக்கு. அப்புறம், கோரைப்பல் புதிது வந்தும் பழையது விழாமல் பக்கத்திலேயே நின்றால் எனக்குக் காட்டு. இடையில் அழுக்கு சேரும், புதுப் பல் கோணலாகும்.

தங்கை: எப்படிப் பழக்குவது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லேன். வாய்க்கிட்டே கை போனாலே கடிக்க வருகிறது.

அண்ணன்: அவசரப்படாதே. முதல் சில நாட்கள் விரலில் பேஸ்ட்டைத் தொட்டு நக்க விடு, அவ்வளவுதான். பிறகு நக்கும்போதே உதட்டைத் தூக்கி விரலால் பல்லை ஒரு தடவு. முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிடு. பிடித்து அமுக்கிச் செய்தால் அடுத்த முறை பிரஷ்ஷைப் பார்த்ததும் கட்டிலுக்கடியில் போய்விடும். எதிரில் நிற்காமல் பக்கத்தில் உட்கார். இது பிடிபட ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை, பத்துப் பதினைந்து வருடம் அதோடு வாழப்போகிறாய்.

அண்ணன்: பிரஷ்ஷுக்கு வந்தபின் வாயை மூடியே வைத்திரு. ஒரு கை மூக்குக்கு மேலாகப் போய் உதட்டைத் தூக்கட்டும். மறு கையில் மென்மையான பிரஷ். கன்னத்துக்குள் அதை நுழைத்து, நார் பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படும்படி சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய். பின்பக்கப் பெரிய பல்லிலிருந்து தொடங்கு, ஏனென்றால் பொறுமை போவதற்குள் முக்கியமான இடம் முடிந்துவிட வேண்டும். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றிரண்டு நிமிடம். தினமும் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் அதற்குள் படலம் காரையாகியிருக்கும்.

நான்: பந்து கடிப்பது பரவாயில்லையா?

அண்ணன்: டென்னிஸ் பந்தின் மேல் உள்ள பஞ்சு, மண் ஒட்டினால் உப்புத்தாள் மாதிரிதான். நாள் முழுக்கக் கடித்தால் பல் தேய்ந்துவிடும். ரப்பர் பந்து கொடு.

அத்தை: எல்லாம் படித்தேன் கண்ணா. நாளையிலிருந்து ஜிம்மிக்குப் பிரஷ் தொடங்கட்டுமா?

அண்ணன்: இல்லை அத்தை, ஜிம்மிக்கு முதலில் சுத்தம் செய்ய வேண்டும். சிவந்த ஈறில் பிரஷ் பட்டால் வலிக்கும், அந்த வலியை அவன் மறக்க மாட்டான். பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்களுக்குத் தாடையில் பற்கள் நெருக்கம், இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். கூட்டி வாருங்கள், நானே பார்க்கிறேன்.

அத்தை: மயக்க மருந்து கொடுப்பாயா? எட்டு வயதாகிறதே. மயக்கம் இல்லாமலே செய்கிறோம் என்று ஓரிடத்தில் சொன்னார்கள்.

அண்ணன்: அது வேண்டாம் அத்தை. வெளியே தெரியும் காரையைச் சுரண்டிப் பல்லை வெள்ளையாகக் காட்டலாம், அவ்வளவுதான். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் நாய்க்கு அங்கே கருவி போட முடியாது, எக்ஸ்ரே எடுக்க முடியாது. பல் வெள்ளையாகிவிட்டது என்று நீங்களும் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள், அடியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். எட்டு வயது ஒரு தடையே இல்லை. முதலில் ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம், கல்லீரல், இதயம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மயக்கம் கொடுப்பேன். மூச்சுக்குழாயில் டியூப் இருக்கும், சுத்தம் செய்யும்போது தண்ணீர் நுரையீரலுக்குப் போகாது.

அத்தை: நீ பக்கத்திலேயே இருப்பாய் அல்லவா?

அண்ணன்: கண் விழித்து உங்களைப் பார்க்கும்வரை இருப்பேன்.

அத்தை: அப்படியானால் சரி. வியாழக்கிழமை வருகிறோம்.

அண்ணன்: வாருங்கள். அவன் ஏதாவது மருந்து சாப்பிடுகிறான் என்றால் அட்டையோடு கொண்டு வாருங்கள். வியாழக்கிழமை பரிசோதனை மட்டும்தான், சுத்தம் செய்யும் நாளை அப்புறம் குறிப்போம். பல் எதையாவது எடுக்க வேண்டியிருந்தால் புண் ஆறியபிறகு, நான் சொன்னபின் பிரஷ் தொடங்கலாம்.

தங்கை: ஒரு பிரஷ் வாங்கினால் குட்டிக்கும் எங்கள் பூனைக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா?

அண்ணன்: தனித்தனியாக வாங்கு. பூனைக்கு இன்னும் சின்னத் தலை உள்ள பிரஷ் வேண்டும். வாரக் கடைசியில் வீடியோவில் கூப்பிடு, செய்து காட்டுகிறேன்.