ஸ்ட்ரீக் என்பதற்குத் தமிழில் எச்சொல்? உரைநிறம், பொடிநிறம், கீற்று

முன்மொழிவு, நாமக்கல்லிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கனிமங்களை இனங்காணும் முறைகளுக்கான சொல்தொகுதியில் வன்மை (கீறலைத் தாங்கும் திறன்), ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது), மிளிர்வு, பிளவு, முறிவு ஆகியவற்றுக்குப் பெரிய பூசல் இல்லாமல் முடிவு கண்டுவிட்டோம். சங்கின் உட்புறம்போல் வளைந்து உடைவதற்குச் சங்குமுறிவு என்ற சொல் ஒரே நாளில் ஒப்புதல் பெற்றது. எஞ்சியிருப்பது ஸ்ட்ரீக் என்னும் சொல். மெருகிடாத வெள்ளைப் பீங்கான்மேல் ஒரு கனிமத்தை அழுத்தி இழுக்கும்போது அங்கே படியும் மெல்லிய பொடியின் நிறத்தை அச்சொல் குறிக்கிறது.

இதற்குப் பாடக்குறிப்புகளில் கீற்று என்ற சொல்லைப் பார்க்கிறோம். எனக்கு அதில் இரண்டு மனக்குறைகள் உண்டு. முதலாவது, கீற்று என்றதும் நம் பக்கத்து மாணவர் மனத்தில் தென்னங்கீற்றோ தேங்காய்க் கீற்றோதான் வந்து நிற்கும். இரண்டாவது குறையே பெரியது. கீற்று கோட்டின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர நிறத்தைச் சொல்லவில்லை. சோதனையிலோ கோடு நீளமா குட்டையா, தடிப்பா மெலிவா என்று யாரும் கேட்பதில்லை. நிறம் ஒன்றுதான் கேள்வி. கனிமங்களின் புறப்பண்புகளை 1774ஆம் ஆண்டிலேயே ஒழுங்குபடுத்தி எழுதிய கனிமவியலாளர் வெர்னரின் மொழியாகிய ஜெர்மனில்கூட, இதைக் குறிக்கும்போது கோடு என்ற சொல்லோடு நிறம் என்ற சொல்லையும் சேர்த்தே வழங்குகிறார்கள். அதை விட்டுவிட்டு வெறும் கோட்டை மட்டும் நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

நான் முன்வைக்கும் சொல் உரைநிறம். உரைத்தல் என்பது தேய்த்தல். பொன்னை உரைத்து மாற்றுக் (தூய்மை அளவு) காணும் உரைகல்லில் இருப்பது இவ்வினைதான். உரைகல் ஏட்டில் மட்டும் வாழும் சொல்லாகிவிட்டது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் கைக்குழந்தை உள்ள வீடுகளில் சாதிக்காய், மாசிக்காய், வசம்பு ஆகியவற்றைக் கல்லில் தேய்த்துக் கொடுக்கும் உரைமருந்தை நம் ஊர்ப் பாட்டிமார் இன்றும் “உரமருந்து” என்றே சொல்கிறார்கள். அங்கேயும் கல்லில் படிவதைத்தான் வழித்து எடுக்கிறோம். ஈரோட்டு மஞ்சளை இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மெருகேற்றாத விரலி மஞ்சள் வெளியே மங்கிய மண்ணிறமாகக் கிடக்கிறது. நீர் தெளித்துக் கல்லில் உரைத்தால்தான் அதன் உண்மையான நிறம் தெரிகிறது. கனிமத்தின் உரைநிறமும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே. வெளிநிறம் காற்றாலும் ஈரத்தாலும் மங்கலாம். கலந்திருக்கும் மாசுகளாலும் கனிமத் துகள்களின் பருமனாலும் மாறலாம். பொடியின் நிறம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

நம் வட்டாரக் கற்களைக் கொண்டே சொல்கிறேன். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மாக்னடைட் என்னும் இரும்புத் தாது உண்டு. சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளிலும், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குரோமைட் உண்டு. இரண்டும் கருமை, இரண்டும் கைக்குக் கனமானவை, இரண்டுக்கும் உலோகச் சாயல் கொண்ட மிளிர்வு. ஒப்படர்த்தி மாக்னடைட்டுக்கு 5.2 அளவிலும் குரோமைட்டுக்கு 4.5 முதல் 4.8 வரையிலும் இருப்பதால், கையில் தூக்கிப் பார்த்து மட்டும் பிரித்துவிட முடியாது. பீங்கானில் உரைத்தாலோ முன்னது கருப்பையும் பின்னது பழுப்பையும் விட்டுச் செல்கிறது. காந்தம் கையில் இருந்தால் மாக்னடைட் தாவி ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மையே. எனினும் குரோமைட்டும் சில வேளைகளில் மெலிதாக ஈர்க்கப்படுவதால் மாணவர் குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உரைநிறம் அந்தக் குழப்பத்தை நீக்கிவிடுகிறது. மற்றோர் இரும்புத் தாதாகிய ஹெமடைட் இன்னும் வியப்பூட்டும். எஃகுபோல் கருத்து மின்னும் துண்டுகூடப் பீங்கானில் காவிக்கல்லின் செம்மையைத்தான் காட்டும்.

பொன்போல் மின்னி ஏமாற்றும் பைரைட் பச்சை கலந்த கருங்கோட்டை விடும். பொன் பொன்னிறத்தையே விடும். இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

குழுவினர் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி, சேலத்திலிருந்து

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கீற்று வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கமே. ஆனால் உரைநிறம் என்பதை ஏற்க எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதல் தடை சிறியது. பள்ளிப் பிள்ளைக்கு உரை என்றால் மேடையில் ஆற்றுவது அல்லது குறளுக்குக் கீழே இருப்பது. உரைநடை, உரையாசிரியர், உரைநூல் என்று படித்துப் பழகிய கண், உரைநிறத்தையும் அந்த வரிசையில்தான் வைக்கும். சோதனைப் பலகைக்கு உரையோடு (உரை + ஓடு) என்று பெயர் வைக்கலாமா என்று ஓர் அன்பர் தனிமடலில் கேட்டிருந்தார். “உரையோடு கனிமத்தைத் தேய்க்கவும்” என்று பாடநூலில் அச்சானால், ஆசிரியர் பேசிக்கொண்டே தேய்க்க வேண்டும் போலும் என்று மாணவர் எடுத்துக்கொள்வார்.

இரண்டாம் தடை பொருள் சார்ந்தது. மெருகிடாத பீங்கானின் வன்மை, 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவையில் 6.5 முதல் 7 வரை. அதைவிட வலிய கனிமத்தை அதன்மேல் இழுத்தால் கனிமம் தேயாது, பீங்கான்தான் தேயும். வெண்கோடு ஒன்று தெரியும், ஆனால் அது பீங்கானின் பொடி. இப்போது கொங்கு நாட்டின் பெயர்பெற்ற கற்களை எண்ணிப் பாருங்கள். படியூரில் கிடைத்த பெரில் என்னும் மணிக்கல்லின் வன்மை 7.5 முதல் 8 வரை. நொய்யற்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மணிகளில் பெரிலும் குவார்ட்சு வகைகளும் உண்டு; குவார்ட்சின் வன்மை 7. சிவன்மலைப் பக்கத்துக் குருந்தத்தின் வன்மை 9. ஆங்கிலத்துக்கே நம் குருந்தம்தான் சென்று அங்கே கொரண்டம் ஆயிற்று. அந்தக் குருந்தத்தையே உரைக்க முடியாத உரைநிறத்தை நாம் எப்படி ஏற்பது? இத்தகைய கனிமங்களைச் சுத்தியால் நொறுக்கிப் பொடியாக்கி, வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். அங்கே உரைத்தல் என்ற செயலே இல்லை, பொடி இருக்கிறது. ஆகவே பொடிநிறம் என்ற சொல்லை முன்மொழிகிறேன். எதைப் பார்க்கிறோமோ அதையே அது சொல்கிறது.

பொடித்தல் நம் மாணவருக்குப் புதிதும் அன்று. வேதிச் சோதனையில் அது தினமும் வரும் வேலை. சுண்ணாம்புக்கல்லின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு சொட்டு விழுந்தால் உடனே நுரைத்துப் பொங்கும்; எங்கள் ஊர் வெள்ளைக்கல்லாகிய மாக்னசைட்டோ குளிர்ந்த அமிலத்தைக் கண்டு அசைவதே இல்லை. அதைப் பொடித்து, அமிலத்தையும் சற்றுச் சூடாக்கினால்தான் குமிழி எழும். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு வாங்கப் போனவர் கையில் இரண்டு வெள்ளைக் கற்களைக் கொடுத்தால் கண்ணால் பிரிப்பது கடினம். ஒரு சொட்டு அமிலம் பிரித்துவிடும்.

கடைசியாக ஒன்று. குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார் போன்ற சிலிக்கேட்டுகளில் பெரும்பாலானவற்றின் பொடி வெள்ளையாகவோ வெளிறியோதான் இருக்கும். நாமக்கல், கரூர்ப் பக்கத்துக் காடுகளில் கிடக்கும் வெங்கச்சங்கல்லையும் (குவார்ட்சு) ஃபெல்ட்ஸ்பாரையும் பிரிக்க உங்கள் சொல்லும் உதவாது, என் சொல்லும் உதவாது. பிளவைத்தான் பார்க்க வேண்டும். ஃபெல்ட்ஸ்பார் ஏறத்தாழச் செங்கோணத்தில் இரு திசைகளில் தட்டையாகப் பிளக்கும், குவார்ட்சுக்குச் சங்குமுறிவுதான்.

இடையில் ஒரு சிறு குறிப்பு, கோவையிலிருந்து

வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பொன்வேலை செய்வது. கனிமவியலில் எனக்குப் பயிற்சி இல்லை. உரை என்ற சொல் விவாதத்தில் வந்ததால் எழுதுகிறேன். பட்டறையில் “ஒரசிப் பாரு” என்றுதான் சொல்வோம். நகையை ஒரு கோடும், மாற்றுத் தெரிந்த பொன்னை அதன் பக்கத்தில் மற்றொரு கோடும் உரைத்து, இரண்டின்மீதும் அமிலத்தைத் தடவி எது எவ்வளவு நிற்கிறது என்று ஒப்பிடுவோம். உரைத்தது நிறத்தைக் காட்டும், அமிலம் மாற்றைக் காட்டும். எனவே உரைத்தலும் நிறமும் எங்களிடம் பிரியாதவை.

ஆனால் எங்கள் உரைகல் கருப்பு. மஞ்சள் கோடு எடுப்பாகத் தெரிவதற்காகவே கருநிறக் கல். நீங்கள் சொன்ன கஞ்சமலைத் தாதை அதில் உரைத்தால் கருப்பில் கருப்பு, ஒன்றுமே தெரியாது. அதனால் அந்தப் பீங்கானுக்கு உரைகல் என்ற பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி, நாமக்கல்லிலிருந்து

சேலத்து அம்மா அவர்களுக்கும் கோவை அன்பருக்கும் நன்றி.

முதலில் எளிய தடையை எடுத்துக்கொள்கிறேன். உரை பெயராக நிற்கும்போது வல்லினம் மிகும். உரைப்பகுதி, உரைக்குறிப்பு என்று எழுதுகிறோம். வினையாக நிற்கும்போது மிகாது. உரைகல் வினைத்தொகை, ஊறுகாய்போல. ஆகவே மெருகிடாத பீங்கானுக்கு உரைபீங்கான் என்று ஒற்று மிகாமல் எழுதினால், இது பேச்சு அன்று, தேய்ப்பு என்பது எழுத்திலேயே விளங்கும். உரைகல் என்ற பெயர் பொற்பட்டறைக்கே இருக்கட்டும். ஆயினும் உரைநிறத்தில் அடுத்து வருவது மெல்லினம் ஆகையால் இந்தக் காப்பு அங்கே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உரைநிறமும் உரைபீங்கானும் பாடத்தில் எப்போதும் அடுத்தடுத்தே வரும். ஒன்று மற்றதை விளக்கிவிடும் என்று நம்புகிறேன். (உரைபீங்கான் கிடைக்காத பள்ளிகளில் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு படாத வளையத்தில் உரைத்துப் பார்க்கலாம். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் காட்டினேன்.)

இரண்டாம் தடைக்கு என்னிடம் மறுப்பு இல்லை. குருந்தத்தைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள். இரண்டு நாட்கள் யோசித்தபின் எனக்குத் தோன்றியது இது: நாம் ஒரு சொல்லுக்காக வாதிட்டோம், ஆனால் இங்கே இருப்பவை இரண்டு கருத்துகள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டதால், நாமும் ஒரே சொல்லைத் தேடினோம். பீங்கானில் உரைத்துக் காண்பது ஒரு சோதனை; அதற்கு ஓர் எல்லை உண்டு; அந்த எல்லையே வன்மையைப் பற்றி ஒரு செய்தியும் தருகிறது. கனிமம் கோடு விடாமல் பீங்கானைக் கீறினால் அதன் வன்மை ஏறத்தாழ 7 அல்லது அதற்கு மேல் என்று மாணவர் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளலாம். பொடிநிறம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடினால் அந்தச் செய்தி தொலைந்துவிடும். நொறுக்கிப் பார்ப்பதோ கனிமத்தின் இயல்பு பற்றியது. அதற்கு எல்லை இல்லை. அதற்கு உங்கள் பொடிநிறமே பொருத்தம். ஆகவே இரண்டு சொற்களையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. தொகுதியில் இவ்வாறு பதியலாம்:

உரைநிறம்: உரைபீங்கானில் கனிமத்தை உரைக்கும்போது படியும் பொடியின் நிறம். மாக்னடைட்டுக்குக் கருப்பு, குரோமைட்டுக்குப் பழுப்பு, ஹெமடைட்டுக்குக் காவிச் சிவப்பு.

பொடிநிறம்: கனிமத்தை நொறுக்கிப் பெறும் நுண்பொடியின் நிறம். உரைபீங்கானைவிட வலிய கனிமங்களுக்கு உரைநிறத்துக்கு மாற்றாகக் கொள்ளப்படுவது.

மாணவர் நிரப்பும் அட்டவணையில் பெரிலுக்கும் குருந்தத்துக்கும் உரைநிறக் கட்டத்தை வெறுமையாக விடாமல், “பீங்கானைக் கீறும், பொடிநிறம் வெள்ளை” என்று எழுதச் சொல்லலாம். மறுப்பு இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவியுங்கள். இல்லையெனில் இவ்வடிவிலேயே சேர்த்துவிடுகிறேன்.

சேலத்திலிருந்து

மறுப்பு இல்லை, ஐயா. ஒரே ஒரு திருத்தம்: “வலிய கனிமங்களுக்கு” என்பதோடு “எளிதில் உதிரும் மண்போன்ற கனிமங்களுக்கும்” என்று சேர்த்துவிடுங்கள். அவற்றைப் பீங்கானில் உரைக்கத் தேவையில்லை. விரலில் ஒட்டுவதையே பார்த்தால் போதும்.