12 பேர், ஒரே பெட்டி: சயனோடைப், சால்ட், பலேடியம் பிரிண்ட்களைச் சுற்றுக்கு விடுவது எப்படி?

நீலத்தாள் (கேள்வி):
பழைய முறைகளில் கையால் புகைப்படம் அச்சிடும் நாங்கள் மொத்தம் 12 பேர். ஒரு பெட்டி சென்னையில் கிளம்பி மதுரை, கோவை, பெங்களூரு, ஹைதராபாத், புனே, கொல்கத்தா எனச் சுற்றித் திரும்ப வேண்டும், ஒருவர் கொழும்பு. எல்லாமே 8×10 அங்குலம், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம். பெரும்பாலும் சயனோடைப் (இரும்பு உப்பில் வரும் நீலப் படம்). இருவர் சால்ட் பிரிண்ட் (வெள்ளி உப்பில் வருவது), ஒருவர் பலேடியம் (அந்த உலோகத்தில் வருவது), ஒருவர் கம் (பிசினும் நிறமியும் கலந்தது). அவரவர் பிரிண்ட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, மற்ற எல்லோருடையதிலும் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு எத்தனை அச்சிடலாம்? இடையில் வைக்க பட்டர் பேப்பர் போதுமா? பதிவுத் தபாலா, கூரியரா?

பெட்டிக்கணக்கு (பதில்):
சுற்றும் பெட்டியில் "எல்லோருக்கும் எல்லாமும்" நடக்காது. முதல் ஆள் திறக்கும்போது அவருடையதைத் தவிர உள்ளே எதுவும் இருக்காது. ஆகவே போட ஒரு சுற்று, எடுக்க ஒரு சுற்று. கைமாற்றம் ஒன்றுக்கு 10 நாள் வைத்தாலும் இரண்டு சுற்றுக்கு எட்டு மாதம். ஆளுக்கு 11 வீதம் 132 பிரிண்ட். ஒன்று சுமார் 15.5 கிராம், காகிதமே 2 கிலோ. நடுவில் பெட்டி தொலைந்தால் எல்லோருடைய உழைப்பும் ஒரேயடியாகப் போச்சு.

முழுத் தொகுப்புதான் வேண்டுமென்றால் எல்லோரும் ஒருவருக்கே அனுப்பட்டும். அவர் பிரித்து அடுக்கித் திருப்பி அனுப்பட்டும். ஆறு வாரத்தில் முடியும்.

பெட்டிதான் சுற்ற வேண்டுமென்றால் "ஒன்று போடு, ஒன்று எடு". அமைப்பாளர் முதலில் நான்கு பிரிண்ட் வைத்து அனுப்புகிறார். எப்போதும் உள்ளே நான்குதான் இருக்கும். இதில் ஒரு வினை உண்டு: நல்லது உடனே போய்விடும், யாரும் சீண்டாத ஒன்று கடைசி வரை ஊர் சுற்றும். அதனால் நான்கையும் எண்ணிட்ட உறையில் போட்டு, இருப்பதில் பழைய எண்ணையே எடுக்க வேண்டும் என்று விதி வையுங்கள். போட்டவர் மனமும் நோகாது.

தங்கல் ஐந்து நாள்தான். பெட்டி வந்ததும் திறந்து ஒரு படம், அனுப்பியதும் கண்காணிப்பு எண், இரண்டும் குழுவில் வர வேண்டும். ஐந்தாம் நாள் சத்தமே இல்லையென்றால் அமைப்பாளர் போன் போடட்டும். சுற்றுகள் சாவது பெரும்பாலும் தபாலில் இல்லை, யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில்தான்.

உப்புத்தாள் (பதில்):
பட்டர் பேப்பர் வேண்டவே வேண்டாம். அமிலமற்றது என்ற உத்தரவாதம் அதற்குக் கிடையாது. ஈரப்பதத்தில் சுருங்கிச் சுருக்கம் விழும். அமிலமற்ற டிஷ்யூ என்று கேட்டு வாங்கினாலும் பாதி வேலைதான் முடிந்தது. அதில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்ற காரப்பொருள் (பஃபர்) கலந்திருக்கும். சயனோடைப்பின் பிரஷ்யன் நீலம் காரத்தில் சிதையும்; நீலம் வெளிறி மஞ்சள் பழுப்பாகும். எனவே பஃபர் இல்லாத, அமிலமற்ற டிஷ்யூ. எல்லா வகைக்கும் அதையே வைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

பலேடியம் பிரிண்ட்டில் பிளாட்டினமும் கலந்திருந்தால் எதிரே படும் தாளில் காலப்போக்கில் படத்தின் மஞ்சள் நிழல் பதியும். பிளாட்டினம் அந்தத் தாளின் சிதைவை வேகப்படுத்துவதே காரணம். அதன் முகத்தோடு வேறொருவர் பிரிண்ட் ஒட்டி இருக்கக் கூடாது. கம் பிரிண்ட் புழுக்கத்தில் பிசுபிசுக்கும்; மேலே பாரம் ஏற்றாமல் கடைசியாக, முகம் மேலே தெரிய வையுங்கள். பிவிசி உறை யாருக்கும் கூடாது.

சரியாக அலசாத ஒன்றே பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். சயனோடைப்பின் வெள்ளைப் பகுதியில் மஞ்சள் தெரிந்தால் இரும்பு உப்பு மிச்சம் இருக்கிறது, திரும்ப அலசுங்கள். சால்ட் பிரிண்ட்டில் ஹைப்போ (படத்தை நிலைப்படுத்தும் உப்பு) தங்கினால் படமே மங்கும். 300 ஜிஎஸ்எம் தாள் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஒரு வாரம் காயட்டும்.

விவரத்தைப் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: செய்முறை, காகிதம், டோனிங் (நிறமாற்றம்), தேதி. பேனா மை ஊடுருவும். ஸ்டிக்கர் பசையும் ஆகாது.

தபால்வழி (பதில்):
பதிவுத் தபால் என்று தனியாக இப்போது இல்லை. 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். நான்கு பிரிண்ட்டுக்கு அதுவே போதும்.

பிரிண்ட்டை விடச் சுற்றிலும் 2 செ.மீ. பெரிதாக இரண்டு நெளி அட்டைகள் வெட்டி, ஒன்றின் வரிகள் நெடுக்காக, மற்றொன்றின் வரிகள் குறுக்காக வரும்படி வையுங்கள். ஒரே திசையில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே மடியும். மூலைகள் காகித முக்கோணத்தில் நிற்கட்டும். டேப் அட்டையில் மட்டும். மொத்தத்தையும் பிவிசி அல்லாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, அட்டைக்கு வெளியே 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு.

கொழும்பைச் சுற்றில் சேர்க்காதீர்கள். சுங்கத்தில் நின்றால் பெட்டியே நிற்கும். அவருக்கும் அமைப்பாளருக்கும் இடையே நேரடியாக ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளுங்கள். சுங்கப் படிவத்தில் "காகிதப் புகைப்படம், பரிசு" என்று எழுதி, 4911.91 என்ற சுங்க வகை எண்ணைப் போடுங்கள். "கெமிக்கல் பிரிண்ட்" என்று ஆங்கிலத்தில் எழுதி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

நீலத்தாள்:
அப்படியானால் கொழும்பை விட்டு 11 கைமாற்றம், 110 நாள். ஜூனில் கிளப்பலாமா?

உப்புத்தாள்:
வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை புனே பக்கம் மழை, அக்டோபரில் சென்னைக்கு மழை வந்துவிடும். ஜனவரி முதல் வாரம் கிளப்பினால் ஏப்ரல் கடைசிக்குள் பெட்டி உங்கள் கைக்கு வந்துவிடும். கம் பிரிண்ட் போடுபவரை ஆரம்பத்திலேயே வையுங்கள், அதை எடுப்பவர் கடலோர ஊர்க்காரராக இல்லாதபடி வரிசையைப் போடுங்கள்.