மாலத்தீவில் ஆங்கில டீச்சர் வேலை: ஏஜென்ட் 1.5 லட்சம் கேட்கிறார், போகலாமா?

களியக்காவிளை மிஸ்:
வணக்கம். எம்.ஏ. ஆங்கிலம் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படித்தேன். பி.எட். கேரளப் பல்கலைக்கழகம். ஆறு வருடமாக ஒரு தனியார் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சம்பளம் 14,000. அப்பா ரப்பர் வெட்டப் போய்க்கொண்டிருந்தார், இப்போது முட்டுவலியால் முடியவில்லை. மாலத்தீவில் பள்ளி வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 1.5 லட்சம் கேட்கிறார். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். இன்னொரு பயமும் உண்டு. எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு மலையாளம். என் ஆங்கிலத்திலும் அந்த இழுவை இருக்கிறது. நேர்காணலில் தள்ளிவிடுவார்களா?

மார்த்தாண்டம் அக்கா:
தங்கச்சி, அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதே. மாலே விமான நிலையத்தில் இறங்கினால் சுற்றுலா விசா இலவசமாகவே கிடைக்கும். அதில் வேலை பார்ப்பது சட்டப்படி தப்பு, பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியது பள்ளிதான், அது கைக்கு வந்த பிறகு கிளம்பு. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், கூட ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். அவருடைய பதிவு எண் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா பார்.

நான் அங்கே ஒரு சின்னத் தீவில் ஏழு வருடம் இருந்தேன். எனக்கும் உன்னைப் போலத்தான், 'காலேஜ்' என்று சொல்ல வாயெடுத்தால் 'கோளேஜ்' என்று வரும். வீடியோ நேர்காணலில் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள். ஒரு பத்தியை வாசித்து, நிறுத்தி, கேள்வி கேட்டேன். என் இழுவையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது திவேகி, பள்ளியில் பெரும்பாலான பாடம் ஆங்கிலத்தில். இரண்டு மொழிக்கு நடுவில் பிள்ளை எங்கே தடுமாறும் என்று உனக்குத் தெரியும். அதை நம்பு. அங்கே பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கேம்பிரிட்ஜ் ஓ-லெவல் தேர்வின் பழைய வினாத்தாள்களை மட்டும் இப்போதே போட்டுப் பழகு.

திருவனந்தபுரத்திலிருந்து மாலே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். தீவுக்குப் போகும் படகுதான் வயிற்றைப் புரட்டும். வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. சர்ச்சோ கோயிலோ கிடையாது, சாமி சிலை கொண்டுபோகக் கூடாது. முதல் கிறிஸ்துமஸ் அன்று வகுப்பு முடிந்ததும் அறையில் உட்கார்ந்து அழுதேன். இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். மீனுக்குப் பஞ்சமில்லை. நம் ஊரில் மாசி என்று வாங்குகிறோமே காய்ந்த சூரை மீன், அதற்குப் பேர் போன ஊர் அது. காய்கறி படகில் வர வேண்டும், விலை அதிகம்.

சம்பளம் அந்த நாட்டுப் பணமான ருஃபியாவில் வரும். டாலராக மாற்றி ஊருக்கு அனுப்ப வங்கி மாத வரம்பு வைக்கும். அப்பா மருந்துக்கு மாதாமாதம் எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடு. வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் யோசி.

பாறசாலை அண்ணன்:
அக்கா சொன்னது சரி. சான்றிதழில் ஒன்று கவனி. பட்டம் உண்மையானது என்று அரசின் சான்றொப்பம் கேட்டால், எம்.ஏ.வுக்குத் தமிழ்நாட்டு உயர்கல்வித் துறை, பி.எட்.டுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள நோர்க்கா (வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பு). இரண்டையும் ஒரே இடத்தில் வாங்க முடியாது. என் மனைவிக்கு இதில் ஒரு மாதம் வீணாகப் போனது. போலீஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

களியக்காவிளை மிஸ்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அவருடைய எண்ணைத் தேடினேன், இ-மைகிரேட்டில் இல்லை. முன்பணம் கொடுக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன், அவருக்கு நிம்மதி. அக்கா, நீங்கள் நேர்காணலில் எடுத்தது எந்த வகுப்புப் பாடம்?

மார்த்தாண்டம் அக்கா:
ஆறாம் வகுப்பு. நாளைக்குச் சாயங்காலம் தனிச் செய்தியில் எண் அனுப்பு, ஒருமுறை எனக்கு நடத்திக் காட்டு.