விதை போட்ட டேலியா தாயைப் போல வரவில்லை, உதவுங்கள்

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் வாசலில் ஒரு கலப்பின டேலியா: அடர்சிவப்பு இதழ், நுனியில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளை. ஆசைப்பட்டு அதன் விதையைப் போட்டேன். 11 செடி பூத்தன. ஒன்று மஞ்சள், இரண்டு ஒற்றை அடுக்கு, மற்றதெல்லாம் வெளிறிய ரோஸ். தாயைப் போல ஒன்றுகூட இல்லை!

டேலியாவுக்கு எட்டுத் தொகுதி குரோமோசோம், மொத்தம் 64. விதைக்கு விதை அது கலைந்து சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். சரி, கிழங்கைப் பிரிக்கலாம் என்றால் ஐப்பசி மழையில் அழுகி ஒன்றுதான் மிச்சம்.

தண்டு வெட்டி வேர் பிடிக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மணலா, தேங்காய் நார்த்தூளா? பனிமூட்டத்தில் பூஞ்சணம் வராமல் எப்படிக் காப்பது? சேலம் வெயிலுக்கு ஒத்துவரும் யோசனை இங்கே எடுபடாது. மலையில் வளர்த்தவர்கள் சொன்னால் நல்லது.