பயணத்துக்கு எது, போனா கேமராவா? கைவிட்டுப்போன அந்த ஒரு நொடியைப் பற்றிப் பலர் சொன்னவை

கடற்கரை, காலை 5.45. சூரியன் தண்ணீரிலிருந்து எழும்பும் அந்த இரண்டு நிமிடம். கேமராவில் விழுந்தது எல்லாம் பால் ஊற்றியது போல ஒரே வெளுப்பு. ராத்திரி முழுக்க ஏசி அறையில் குளிர்ந்த லென்ஸ் கண்ணாடி, வெளியே ஈரக் காற்று. துடைக்கத் துடைக்கப் படிகிறது, கண்ணாடி இன்னும் சூடேறவில்லையே! சட்டைப்பையில் கிடந்த போன் அந்தச் சூரியோதயத்தைப் பிடித்துவிட்டது. தூங்கப் போகும்முன் கேமராவை ஜிப் பையில் காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள். காலையில் பையைத் திறக்காமலே வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் வையுங்கள். ஈரம் பையின் மேல்தான் படியும். கனமான ஜூம் லென்ஸுக்கு ஒரு மணி நேரமும் ஆகும். அதுவரை லென்ஸைக் கழற்றவே கூடாது. பயணத்துக்குப் போனே போதும்.

*

மேலே சொன்னது கேமராவின் குற்றமில்லை, முன்தயாரிப்பின் குற்றம். இதற்காகப் போனே போதும் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. தீப்பந்த வெளிச்சத்தில் ஆட்டம். ஆடுபவரின் கை உயர்ந்து நிற்கும் கணம். போனின் நைட் மோடு பல பிரேம்களை அடுக்கிச் சேர்க்கிறது. சுவர் தெளிவாக வரும், கை மட்டும் புகையாகக் கரைந்திருக்கும். அங்கே ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/250 நொடி வேண்டும்.

ஆனால் கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸோடு போய் நின்றாலும் பலனில்லை. சென்சார் என்பது ஒளியை வாங்கும் சில்லு. 1/1.3 அங்குல போன் சென்சாரைவிட, பல கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (23.5×15.6 மி.மீ.) பரப்பில் சுமார் 5 மடங்கு. அந்தக் கணக்கில் போனின் எஃப் 1.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்), ஏபிஎஸ்-சியில் எஃப் 4-க்குச் சமம். கிட் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 3.5, வித்தியாசம் அரை ஸ்டாப்கூட இல்லை (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்). எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) ஒன்று இருந்தால்தான் அந்த 5 மடங்கு வெளிச்சம் கைக்கு வரும். கேமரா தூக்குவது என்று முடிவெடுத்தால் அந்த லென்ஸோடு தூக்குங்கள்.

*

பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி வழி பார்ப்பவர்களுக்கு: இறங்கிப் படமெடுத்தால் திரை ஜெல்லி போல ஆடும், போகஸ் நிற்காது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஓஐஎஸ் லென்ஸ் காந்தத்தில் மிதப்பது. எஞ்சின் அதிர்வு அதைக் கெடுக்கும். 2021-இல் ஆப்பிளே இதை எச்சரித்தது. அதிர்வு தாங்கும் மவுன்ட் போடுங்கள். படமெடுக்கும் போன் பையிலேயே இருப்பது இன்னும் நல்லது.

*

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் எடுத்துப் போகிறவர்கள் கேமரா கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். நேர மண்டலம் மாறினால் போன் தானே மாறிக்கொள்ளும். பல கேமராக்களில் நாம்தான் மாற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து படங்களைச் சேர்த்தால் மாலைப் படம் காலைக்கு முன்னால் நிற்கும். முதல் நாளே போன் திரையிலுள்ள நேரத்தை, நொடி தெரியும்படி, கேமராவால் ஒரு படம் எடுத்துவையுங்கள். பிறகு லைட்ரூம் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் அந்த வித்தியாசத்தை வைத்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் நகர்த்திவிடலாம். விமானத்தில் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளை மூடி. ரயில் ஜன்னல் வழியே எடுப்பதென்றால் ஷட்டர் 1/1000, லென்ஸை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டி. ரப்பர் ஹூட் இருந்தால் பிரதிபலிப்பு போய்விடும். போனையும் அப்படியே ஒட்டிப் பிடிக்கலாம், ஆனால் வெளிச்சம் குறைந்ததும் அது ஷட்டரைத் தானாக மெதுவாக்கிவிடும். ஷட்டரை நாமே அமைக்கும் ப்ரோ மோடில் அதைப் பூட்டுங்கள்.

*

போனில் 5 எக்ஸ் லென்ஸ் (ஐந்து மடங்கு நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ்) இருக்கிறதே என்று நம்பி நிற்கிறவர்களுக்கு ஒன்று. அந்தி நேரம், கிளையில் மீன்கொத்தி, இறகு முழுக்க மெழுகு பூசியது போல வந்தது. வெளிச்சம் குறைந்ததும் பல போன்கள் சொல்லாமலே முதன்மைக் கேமராவின் படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. திரையில் 5 எக்ஸ் என்றுதான் இருக்கும். சோதிக்க எளிய வழி: டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். மூடிய அந்த நொடியில் படம் மறையாவிட்டால் அது டெலி இல்லை.